65 ஆண்டுகள் மறக்காத உடம்பு: ஃபாரோ தீவுகளில் தட்டம்மை, 1846

1846இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கே வாழ்ந்தவர்கள் மொத்தமே சுமார் 7,800 பேர். அவர்களில் 6,000 பேருக்கு மேல் சில மாதங்களுக்குள் நோயில் விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைவிடப் பெரிய கொள்ளைநோய்களை உலகம் பார்த்திருக்கிறது. ஆனால் ஒரு வைரஸ் மனிதர்களை எப்படிப் பிடிக்கிறது, ஒருமுறை வந்துபோனவரை ஏன் மறுபடி தொடுவதில்லை என்ற இரண்டு கேள்விக்கும் இவ்வளவு தெளிவாக விடை சொன்ன நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இத்தனைக்கும், வைரஸ் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

கொரோனா காலத்துக்குப் பிறகு நம் வீடுகளில் எதிர்ப்பு சக்தி பற்றிய பேச்சு ஓயவே இல்லை. நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, உடலுழைப்பு, இன்ன கஷாயம் என்று ஒரு பட்டியல் கையில் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் உள்ளவை நல்லவைதான். ஆனால் தட்டம்மை போன்ற ஒரு நோய் வராமல் தடுப்பது இவைதானா? ஃபாரோவில் நடந்ததை நிதானமாகப் பார்த்தால் அதற்கான பதில் கிடைக்கும்.

முதலில் இடத்தைப் பற்றி. 18 தீவுகள், மரமே இல்லாத புல்வெளி, செங்குத்தான பாறைகள், ஓயாத காற்று. ஆடு வளர்ப்பு, மீன்பிடிப்பு, பாறை விளிம்பில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவை பிடிப்பது, கூட்டமாகக் கரையோரம் வரும் பைலட் திமிங்கலங்களைப் படகுகளால் வளைத்துப் பிடிப்பது என்று எல்லாமே உடம்பை முறிக்கும் வேலைகள். சாப்பாடு பெரும்பாலும் காற்றில் உலர்த்திய ஆட்டிறைச்சியும் மீனும். நெருக்கடியான நகரம் கிடையாது, ஆலைப் புகை கிடையாது. டென்மார்க்கில் வாழ்ந்தவர்களைவிட ஃபாரோக்காரர்களின் சராசரி ஆயுள் அதிகம் என்று அங்கே போன மருத்துவரே எழுதிவைத்திருக்கிறார். நாம் சொல்லும் அந்தப் பட்டியல்படி பார்த்தால் எதிர்ப்பு சக்தியில் முதலிடம் இவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

வணிகம் முழுக்க டென்மார்க் அரசின் கையில் இருந்தது. 1856 வரை அந்த ஏகபோகம் நீடித்தது. அதனால் வெளியிலிருந்து வரும் கப்பல்களும் கொஞ்சம், ஆட்களும் கொஞ்சம். கப்பலில் ஆள் வந்தால்தானே அம்மை வரும்! கடைசியாகத் தட்டம்மை அங்கே வந்துபோனது 1781இல். அதற்குப் பிறகு 65 ஆண்டுகள் எட்டிப் பார்க்கவில்லை.

1846 மார்ச் 20 அன்று கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் கப்பலேறினார். கிளம்புவதற்குச் சற்று முன்புதான் அங்கே தட்டம்மை கண்டிருந்த சிலரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மார்ச் 28இல் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னில் இறங்கியபோது அவர் உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் படுத்தார். அடுத்து அவருடைய நெருங்கிய நண்பர்கள் இருவர். அப்புறம் தீவு தீவாக.

நிலைமை கைமீறியதும் டென்மார்க் அரசு இரண்டு இளம் மருத்துவர்களை அனுப்பியது. ஒருவர் ஆகஸ்ட் மானிகஸ். மற்றவர் பீட்டர் லுட்விக் பானும் (Panum). படிப்பை முடித்து அதிக நாள் ஆகியிராத 25 வயது இளைஞர். தட்டம்மைக்கு அன்று மருந்து கிடையாது. வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இன்றும் கிடையாது. எனவே நோயாளிகளைக் கவனித்துக்கொண்டதோடு பானும் இன்னொரு வேலையும் செய்தார்: படகில் ஊர் ஊராகப் போய் விசாரித்து நாட்களைக் குறித்தார். இந்த ஊருக்கு நோய் எந்தப் படகில் வந்தது? அன்று யார் யார் அருகில் இருந்தார்கள்? அவர்கள் உடம்பில் பொட்டு எந்த நாளில் தெரிந்தது?

பெரிய நகரத்தில் இந்த விசாரணைக்கு வழியே இல்லை. ஒரே நாளில் நூறு பேரோடு பழகுகிறவருக்கு யாரிடமிருந்து ஒட்டியது என்று எப்படிச் சொல்வது? ஃபாரோவின் சிற்றூர்களில் நிலைமை வேறு. கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் படகு வராது. ஒரு படகு வந்தால் அது எந்தத் தேதியில், யாரை ஏற்றிக்கொண்டு வந்தது என்று ஊரே சொல்லும்.

பானும் குறித்தவற்றில் ட்யோர்னுவிக் என்ற ஊரின் கதையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஜூன் 4 அன்று வெஸ்ட்மன்னா துறையில் திமிங்கல வேட்டை. ட்யோர்னுவிக்கிலிருந்து ஒரு படகில் பத்துப் பேர் போய்க் கலந்துகொண்டார்கள். பல ஊர்க்காரர்களோடு தோளுரச நின்று வேலை செய்தார்கள், திரும்பினார்கள், வழக்கம்போல் இருந்தார்கள். பிறகு இருமல், கண் எரிச்சல். ஜூன் 18 அன்று பத்துப் பேர் உடம்பிலும் பொட்டு வெளிவந்தது. ஒரே நாளில் பத்துப் பேருக்கும்! மேலும் ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஊரில் மற்றவர்கள் படுத்தார்கள்.

போகும் ஊரிலெல்லாம் இதே கணக்கு வந்தது. தொற்றிய நாளிலிருந்து பொட்டு தெரியும்வரை 13 அல்லது 14 நாள். தட்டம்மை கெட்ட காற்றிலிருந்து தானாகக் கிளம்புவது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் அது. அப்படிக் கிளம்புவதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். படகு போன தேதியைப் பின்பற்றி, 14 நாள் இடைவெளி விட்டு வர வேண்டிய அவசியம் என்ன? ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது, அதுவும் பொட்டு வெளிவரும் சமயத்தில்தான் அதிகம் போகிறது என்று பானும் முடிவு கட்டினார்.

அந்த 14 நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இன்று நம்மால் சொல்ல முடியும்.

நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகளில் வைரஸ் இருக்கிறது. அவர் அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அது காற்றில் தங்கும். நாம் மூச்சிழுக்கும்போது உள்ளே போகிறது. வைரஸால் தனியாகப் பெருக முடியாது. ஏதாவது ஒரு செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் சாமான்களையே வைத்துத்தான் தன் நகல்களைச் செய்துகொள்ள வேண்டும். எந்தச் செல்லுக்குள்ளும் நுழைந்துவிடவும் முடியாது. அதன் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஒரு புரதம் இருந்தாக வேண்டும். தட்டம்மை வைரஸுக்கு அப்படிப் பொருந்துவது சிடி150 என்ற புரதம். அது இருப்பது எங்கே என்றால், நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்களின் மேல்! காற்றுப்பாதையில் காவல் இருக்கும் செல்கள் வைரஸைப் பிடித்து, வழக்கப்படி அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப்போகின்றன. நெறி கட்டியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறோமே, அந்த இடங்கள்தான் நிணநீர்க் கணுக்கள். அங்கே பி செல்கள், டி செல்கள் என்ற இரண்டு வகை நோய் எதிர்ப்பு செல்கள் குவிந்திருக்கின்றன. வைரஸ் அவற்றுக்குள் புகுந்து பெருகி, ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் போகிறது.

இத்தனையும் நடக்கும் ஒரு வாரம், பத்து நாள்வரை ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. தச்சர் நல்லபடியாகத்தானே கப்பலிலிருந்து இறங்கினார்? அதன் பிறகு வைரஸ் காற்றுப்பாதைச் சுவரின் செல்களுக்குள் உட்புறமாக நுழைந்து, அங்கிருந்து வெளியே கொட்ட ஆரம்பிக்கிறது. காய்ச்சல், இருமல், சிவந்த கண் எல்லாம் அப்போதுதான். இன்னும் இரண்டு, நான்கு நாள் கழித்துப் பொட்டு. அந்தப் பொட்டும் வைரஸ் நேரடியாகச் செய்வதல்ல. தோலில் வைரஸ் புகுந்த செல்களை நம் டி செல்கள் தாக்கி அழிக்கும்போது தெரியும் சிவப்பு அது. எதிர்ப்பு சரியாக இயங்குகிறது என்பதன் அடையாளம் என்றே சொல்லலாம். டி செல்கள் மிகவும் பலவீனமாக உள்ள சிலருக்குப் பொட்டே வராமல் நோய் நேராக நுரையீரலைத் தின்றுவிடுகிறது.

நம் ஊரில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள், வீட்டு ஆட்களும் வெளியே அதிகம் போகமாட்டார்கள். நோயாளியை ஒதுக்கிவைக்கும் நல்ல பழக்கம் அது, மதிக்க வேண்டியது. ஆனால் வேப்பிலை ஏறுவது பொட்டு தெரிந்த பிறகு. தட்டம்மையோ பொட்டு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவுகிறது. குழந்தைக்கு வெறும் சளி, இருமல் என்று நினைத்துப் பள்ளிக்கு அனுப்பும் நாட்களில்தான் பாதி வகுப்புக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஃபாரோவிலும் சில ஊர்கள் வெளிப்படகுகளை அண்டவிடாமல் தப்பித்தன. ஆள் வந்து சேர்ந்த பிறகு கதவை மூடியவர்களுக்குப் பெரும்பாலும் காலம் கடந்திருந்தது. எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சரி, தொற்றாமல் நின்றவர்கள் யார்?

இந்த நிகழ்வின் உயிர்நாடியான பகுதி இதுதான். வீட்டில் மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் படுத்துக்கிடக்க, கிழவர் ஒருவர் அவர்கள் நடுவிலேயே புழங்கிக்கொண்டு நன்றாக இருந்தார். அடுத்த ஊரில் ஒரு கிழவி அப்படியே. பானும் கேட்டுப் பார்த்தார்: சின்ன வயதில், 1781இல், உங்களுக்கு இந்த அம்மை வந்ததா? வந்தது என்றார்கள். அப்படிப்பட்ட முதியவர்கள் 98 பேரைத் தானே நேரில் பார்த்ததாக அவர் எழுதுகிறார். 1781இல் நோய் கண்டவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை.

முதுமைக்கே ஏதோ ஒரு காப்பு இருக்கிறது, அதனால்தான் வரவில்லை என்று யாராவது சொல்லலாம். அந்த ஐயத்துக்கும் அங்கேயே பதில் இருந்தது. 1781இல் ஏதோ காரணத்தால் தப்பித்துவிட்ட முதியவர்களும் சிலர் இருந்தார்கள். நோயாளிகளோடு பழகியபோது அவர்களுக்கு 1846இல் வந்தது. வயது ஒன்று, ஊர் ஒன்று, சாப்பாடு ஒன்று. 65 ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வைரஸை உடம்பு பார்த்திருந்ததா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டுச் செய்தாலும் இதைவிடத் துல்லியமான ஒப்பீடு அமையாது என்று நினைக்கிறேன்.

கயிற்றில் தொங்கிப் பறவை பிடித்த வாலிபன் விழுந்தான். எழுபதைத் தாண்டிய கிழவி நின்றாள். இந்த இடத்தில் காப்பாற்றியது பலம் அல்ல, நினைவு. முதல் தொற்றின்போது வைரஸின் மேற்பரப்புப் புரதத்தோடு பொருந்தும் பி செல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுகின்றன. நோய் போனதும் பெரும்பாலானவை அழிந்துவிடும். ஒரு பகுதி நினைவு செல்களாகத் தங்கும். இன்னொரு பகுதி எலும்பு மஜ்ஜையில் குடியேறி, வைரஸின் மேல் ஒட்டி அதைத் தடுக்கும் புரதமான ஆன்டிபாடியைப் பல ஆண்டுகள் விடாமல் சுரக்கும். மறுபடி அதே வைரஸ் வந்தால், செல்லின் புரதத்தோடு அது பொருந்த வேண்டிய இடத்தில் ஆன்டிபாடி முன்னரே ஒட்டிக்கொள்ளும். நுழைய வழியில்லை. தப்பி நுழைந்ததையும் நினைவு டி செல்கள் சில நாட்களுக்குள் தேடி அழிக்கும். முதல் முறை படை திரட்ட இரண்டு வாரம். அதற்குள் வைரஸ் உடம்பெங்கும் போய்விடுகிறது. இரண்டாம் முறை அந்த அவகாசம் அதற்குக் கிடைப்பதில்லை. இந்த ஆன்டிபாடி எவ்வளவு காலம் நிற்கும் என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஒரே ஆட்களின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். டெட்டனஸுக்கு எதிரானது பாதியாகக் குறைய சுமார் 11 ஆண்டு. தட்டம்மைக்கு எதிரானது ஓர் ஆயுளில் அளக்கும்படி குறையவே இல்லை.

இந்த நினைவு ஆளுக்கு ஆள் மாறும் பொதுவான பலம் கிடையாது. அந்தந்த வைரஸுக்கு மட்டும் உரியது. ஃபாரோ முதியவர்களுக்குத் தட்டம்மையைத் தெரியும், அவ்வளவுதான். அந்த அறிவு அம்மை வேறு, சளி வேறு என்று கறாராகப் பிரித்துப் பார்க்கும்.

இறப்புகள் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகளிடமும் ஐம்பதைத் தாண்டியவர்களிடமும் அதிகம். குழந்தைகளின் கதை தனியாகக் கவனிக்க வேண்டியது. பொதுவாகத் தாயின் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ப் பிறந்த சில மாதங்களுக்குக் காப்பாற்றும். 1846இல் பிள்ளை பெறும் வயதில் இருந்த பெண்கள் யாரும் 1781இல் பிறந்திருக்கவே இல்லை. வெளிநாட்டில் எங்காவது தட்டம்மை கண்டவர்களைத் தவிர, கொடுப்பதற்கு எந்தத் தாயிடமும் ஒன்றும் இல்லை. பிறந்த நாளிலிருந்தே அந்தக் குழந்தைகள் திறந்த வெளியில் கிடந்தார்கள்.

தட்டம்மையில் இறப்பவர்கள் பெரும்பாலும் பொட்டால் இறப்பதில்லை. பின்னால் வரும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளை வீக்கம் இவற்றால் இறக்கிறார்கள். வைரஸ் பி, டி செல்களுக்குள்ளேயே புகுந்து அழிப்பதால் உடம்பு பழைய நோய்களைப் பற்றிய நினைவையும் கொஞ்சம் இழக்கிறது. 2013இல் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு: மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடியில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தது. இயற்கையாக வந்து போகட்டும், அதுதான் நல்லது என்று இன்னும் சொல்கிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஃபாரோ கிழவரின் 65 ஆண்டுக் காப்பு உண்மை. 1781இல் அவரோடு படுத்து எழாமல் போனவர்கள் யாரும் 1846இல் பானுமிடம் பேச இருக்கவில்லை என்பதும் உண்மை.

நல்ல சாப்பாட்டுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். சத்துக்குறைவான குழந்தைக்கு, குறிப்பாக வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு, தட்டம்மை மிகக் கடுமையாகும், கண்பார்வையே போகலாம். அதனால்தான் நோய் கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறார்கள். வந்த நோயைத் தாங்குவதற்குச் சாப்பாடு உதவும். வராமல் தடுக்கும் நினைவைச் சாப்பாட்டால் உண்டாக்க முடியாது.

அப்படியென்றால் சளி மட்டும் ஏன் வருடத்துக்கு மூன்று முறை வருகிறது? எனக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை என்று நொந்துகொள்ளத் தேவையில்லை. சாதாரணச் சளிக்கு முக்கியக் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. போன மாதம் வந்தது ஒன்று, இந்த மாதம் வந்தது வேறொன்று. இன்ஃப்ளூயன்சா வைரஸோ தன் மேற்பரப்புப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். தட்டம்மை வைரஸால் அப்படி மாற முடிவதில்லை. செல்லோடு பொருந்தும் இடத்தை மாற்றினால் அதன் நுழைவே கெட்டுவிடுகிறது. சின்னம்மை இன்னொரு மாதிரி: வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொண்டு, எதிர்ப்பு தளரும் வயதில் அக்கியாக வெளிவரும்.

ஆனால் ஃப்ளூவிலும் பழைய வைரஸ் மாறாமல் திரும்பினால் ஃபாரோ கதைதான். எச்1என்1 வகை ஒன்று 1957இல் உலகிலிருந்து மறைந்து 1977இல் ஏறக்குறைய அதே உருவில் திரும்பி வந்தது. படுத்தவர்கள் பெரும்பாலும் 25 வயதுக்குட்பட்டவர்கள். அதற்கு மூத்தவர்களின் உடம்புக்கு அது பழகிய முகம்.

தடுப்பூசி செய்வது இந்த நினைவை மட்டும் தருவது, நோயைத் தராமல். 1954இல் அமெரிக்காவில் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளிச் சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸை விஞ்ஞானி ஜான் எண்டர்ஸின் குழு ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பலமுறை மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தது. 1963இல் தடுப்பூசி வந்தது. இந்தியாவில் தயாராகும் ஊசியிலும் அந்தச் சிறுவனின் வைரஸின் வழித்தோன்றல்தான் இருக்கிறது. நம் அட்டவணையில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. முன்கூட்டியே போட்டால் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி ஊசியிலுள்ள வைரஸையே செயலிழக்கச் செய்துவிடலாம். அதனால்தான் 9 மாதம்வரை காத்திருக்கிறோம். முதல் ஊசி பிடிக்காத குழந்தைகளுக்காக இரண்டாவது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எதிர்ப்பு இருந்தால் வைரஸ் அடுத்த ஆள் கிடைக்காமல் நின்றுவிடும். ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகளுக்கு அதுதான் காப்பு.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்திகள் பலருக்கு நினைவிருக்கும். வதந்தியும் பயமும் தடுப்பூசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு தீவு நாடு சாட்சி. பசிபிக் கடலில் உள்ள சமோவாவில் சுமார் இரண்டு லட்சம் மக்கள். 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் தடுப்பூசி போட்டவுடன் இறந்தன. ஊசிமருந்தைக் கலக்க வேண்டிய நீருக்குப் பதில் செவிலியர்கள் தவறுதலாக வேறொரு மருந்தைக் கலந்திருந்தார்கள். தடுப்பூசியில் குறை இல்லை. ஆனாலும் திட்டம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது, நம்பிக்கை போனது, அந்த ஆண்டு ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் 31 சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். 2019இல் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் நோய். 83 பேர் இறப்பு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். நவம்பரில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். டிசம்பர் 5, 6 தேதிகளில் நாட்டையே மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் உள்ள வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். ஊழியர்கள் துணி தெரிந்த வீடுகளுக்கெல்லாம் ஊசியோடு போனார்கள். மாதக் கடைசிக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட்டு முடித்தாகிவிட்டது, நெருக்கடி நிலையையும் விலக்கிக்கொண்டார்கள்.